ஆறரை மணிப் பெரட்டு

கதிர்,

நலமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். ஆனால் நீ என்மேல் கோபமாக, நன்றாகவே இருக்கிறாய் என்பது உன் பெண்டாட்டி ஷாலினி அனுப்பிய படத்திலேயே தெரிந்துவிட்டது. நானும் உன்மேல் கோபமாக, நன்றாகவே இருக்கிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு வந்து என்னைத் திரும்பவும் பினாங்குத் தீவுக்குக் கூட்டிப்போய் அந்த முதியோர் இல்லத்தில் விடப்போவதாக மெசேஜ் போட்டிருக்கிறாய். 'துணிமணி எல்லாம் எடுத்து வைங்கம்மா, இந்தத் தடவ ஆர்கியூ பண்ணாதீங்க' என்று வேறு எழுதியிருக்கிறாய். நான் ஒரு துணியையும் எடுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். பெட்டி அலமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதை இறக்க எனக்கு முட்டி இடம் கொடுக்காது, நீ இறக்க நான் இடம் கொடுக்கமாட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ 'ஓகேம்மா, ஓகேம்மா' என்பாய். அந்த இரண்டு ஓகேவுக்கு நடுவில் நான் சொல்ல வந்தது செத்துப்போகும். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது, கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆகவேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நான் ஒளித்துவைத்து எழுதவில்லை. நம் தாமான் குடியிருப்பில் என்னைப்போல் தனியாக இருப்பவர்கள் பதிமூன்று பேர். அவர்கள் பிள்ளைகளும் ஷா ஆலாமிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு உன்னைப்போலவேதான் யோசிக்கிறார்கள். ஆகவே இதில் ஒவ்வொரு நகல் அவர்களுக்கும் போகிறது. சுப்ரா அண்ணன் டுரியான் துங்கால் பட்டணத்துக்குப் போய் போட்டோஸ்டாட் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா மானத்தை வாங்கிவிட்டாள் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

உன் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, ஷாலினி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். 'அத்தே, அவருக்கு நீங்களும் தாத்தா மாதிரி ஆயிடுவீங்களோன்னு பயம்' என்றாள். தாத்தா என்றால் உன் அப்பாவைப் பெற்றவர், என் மாமனார் மாரிமுத்து. அவர் புத்தி பிசகியதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ஆனால் நீ பார்த்தது பாதிதான். மீதியை நான் முப்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கும் அறுபத்தொன்பது ஆகிறது, இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். சொல்லிவிடுகிறேன்.

முதலாளிகள் தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைத் தள்ளி, நம்மை இந்தத் தாமானுக்கு அனுப்பியபோது மாமாவுக்கு எழுபது வயது. ஐம்பது வருஷம் பால்வெட்டுக்குப் போன மனிதர். ஐம்பது வருஷமும் பெரட்டில் நின்றவர். பெரட்டு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், இதை வாசிக்கப்போகும் மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடியுமுன்னே எல்லோரும் ஆபீஸ் முன்னால் வந்து நிற்கவேண்டும். கணக்கெழுதும் கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பிரித்து வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் 'இருக்கேன்' என்று சொல்லவேண்டும். பெயருக்குப் பதில் வராவிட்டால் கிராணி அடுத்த பெயருக்குப் போகமாட்டார். காய்ச்சலா, குடித்துவிட்டுக் கிடக்கிறானா, பிள்ளை பெற்றிருக்கிறாளா, யாராவது ஒருவர் அவர்களுக்காகப் பதில் சொல்லியே தீரவேண்டும். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது. அட்டைக்கடியும் கிராணியின் ஏச்சும் யாருக்கு வேண்டும்? நம்மை மாடு மாதிரி எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் அவர்கள் பெரட்டை வைத்தார்கள். ஆனால் எண்ணினார்கள் என்பதும் உண்மை.

தாமானுக்கு வந்த இரண்டாவது வாரத்திலிருந்து மாமா விடியற்காலையில் எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, படாங் திடலுக்குப் போய் புல் நடுவில் நிற்க ஆரம்பித்தார். யாராவது வந்து பெயர் கூப்பிடுவார்கள் என்று நிற்பார். வெயில் ஏறும்வரை நிற்பார். ஒருமுறை மழையிலும் நின்றார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். நான் அப்போது பத்து பெராண்டாம் ஊரில் எலக்ட்ரானிக் பேக்டரியில் சேர்ந்த புதிது, ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அவரைத் தேடிப்போய் இழுத்துவந்து உட்காரவைப்பதற்குள் எனக்கு பஸ் போய்விடும். இரண்டுமுறை போய்விட்டது. சூப்பர்வைசர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தான். நான் பாசாருக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கிவந்து வாசல் கேட்டில் போட்டேன். பூட்டியது உன் அப்பா என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, நான்தான். அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்க ஆரம்பித்தார். பள்ளி வேனில் ஏறும்போது நீ அவரைத் தாண்டிப் போவாய். நானும் தாண்டித்தான் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா விளையாட்டாக கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, கிராணி மாதிரி குரலை மாற்றி, 'மாரிமுத்து!' என்று கூப்பிட்டார். மாமா முதுகை நிமிர்த்தினார். 'இருக்கேங்கய்யா' என்றார். அவ்வளவுதான். உள்ளே வந்தார், கோப்பி கேட்டுக் குடித்தார், சட்டையைத் தானே கழற்றி மாட்டினார், அன்று முழுக்கக் கேட் பக்கமே போகவில்லை. மத்தியானம் என்னைப் பார்த்து, 'என்னாம்மா, இன்னிக்கு மீன் இல்லியா?' என்று கேட்டார். மாசக்கணக்கில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. நாங்கள் மூன்று நாலு நாள் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தோம், ஒவ்வொரு நாளும் பலித்தது. பிறகு உன் அப்பாவுக்கு இரட்டை ஷிப்ட் வந்தது, எனக்கு அவசரம், விட்டுவிட்டோம். ஒரு நிமிஷ வேலை, கதிர். ஒரு மனிதனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. பூட்டைத் திறந்து பூட்ட மட்டும் நேரம் இருந்தது. எட்டாவது மாதம் அவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்விட்டார். அவரைக் கொன்றுவிட்டேன் என்று மார்பில் அடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த எட்டு மாதத்தை அவருக்கு நரகமாக்கியது நான்தான், என் கைதான். இதை எழுதிவிட்டேன் என்பதற்காக நீ கிளினிக்குக்கு அப்பாயின்மென்ட் வாங்கிவிடாதே.

இனி லெட்சுமி அக்கா விஷயம். மூன்றாவது லோரோங் சந்தில் இருந்தாரே, தீபாவளிக்கு உனக்கு அச்சுமுறுக்கு கொடுத்தனுப்புவாரே, அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்தார். விழுந்தது செவ்வாய்க்கிழமை, நாங்கள் கதவை உடைத்தது வியாழக்கிழமை. நடுவில் எங்கள் தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாளும் காலைவணக்கம் பூப்படம் போய்க்கொண்டிருந்தது. கதவை உடைத்தபோது அவர் போன் மேசைமேல் இருந்தது, இன்னொரு ரோஜாப்பூ வந்து 'டிங்' என்றது. அந்தப் பூவை அனுப்பியது நான், காலையில் அனுப்பியது அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. உடைத்த கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், என் பூ என் கண்ணெதிரே வந்து சேர்கிறது. அன்றிலிருந்து நான் யாருக்கும் பூ அனுப்புவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன். 'பேசாம பெரட்டு வெச்சிருவோம்லா' என்றேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு படாங் ஓரத்துக் கொட்டகையில் ஒன்பது பேர் வந்து நின்றோம். இப்போது பதினான்கு பேர். ரிட்டையர் ஆன லோரி டிரைவர் சுப்ரா அண்ணன்தான் கிராணி. அவர் குரல் பக்கத்து ஊர் ரெம்பியா வரைக்கும் கேட்கும். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எல்லோர் பெயரும் இருக்கிறது. நடக்கமுடியாதவர்கள் தங்கள் வீட்டு முன்வாசலில் வந்து நின்று கை தூக்கினால் போதும், பார்க்க ஆள் போகும். எல்லோருடைய வீட்டு உபரிச் சாவியும் என் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. பதில் வராவிட்டால் இரண்டு பேர் சாவியோடு போவோம், மற்றவர்கள் அங்கேயே நிற்போம். பதில் தெரியும்வரை யாரும் கலையக் கூடாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி காக் யாவும் கேட்டுச் சேர்ந்துகொண்டார். அவர் 'இருக்கேன்' என்று சொல்லமாட்டார், மலாயில் 'அடா!' என்பார், இரண்டும் ஒன்றுதான். போன வருஷம் ஒருநாள் அந்த 'அடா' வரவில்லை. போய்ப் பார்த்தால் சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடக்கிறார். விழுந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இன்று கோலூன்றிக்கொண்டு வந்து எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார்.

உன்னிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். 'என்னாம்மா இது, சின்னப் பிள்ளைங்க மாதிரி. கையில கட்டுற வாட்ச் இருக்கு, விழுந்தா அதுவே எனக்கு கால் பண்ணும்' என்றாய். வாட்ச் உனக்குக் கால் பண்ணும், சரி. நீ பினாங்கிலிருந்து வர ஐந்து ஆறு மணி நேரம் ஆகுமே ஐயா, அதற்குள் நான் தரையில் என்ன செய்துகொண்டிருப்பது, பல்லாங்குழி விளையாடுவதா? உன் வாட்சை நான் குறைசொல்லவில்லை, வாங்கிக் கொடுத்தாய், கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது நான் விழுந்தால்தான் என்னைத் திரும்பிப் பார்க்கும். சுப்ரா அண்ணன் நான் நிற்கும்போதே கூப்பிடுகிறார்.

அப்புறம்தான் நான் போர்டிகோவில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, சும்மா மூன்று வாரம் இருந்து பாருங்கம்மா என்று என்னைத் தீவுக்குக் கூட்டிப்போனாய். நியாயத்தைச் சொல்லவேண்டும். நல்ல இடம். ஜன்னலைத் திறந்தால் கடல். சாப்பாட்டில் குறை சொல்லமுடியாது, தாதிப் பெண்கள் முகம் சுளிக்கவில்லை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. உன் வீடு இருபது நிமிஷத்தில், பேரப்பிள்ளைகள் சனி ஞாயிறு வந்தார்கள். நீ எவ்வளவு அலைந்து அந்த இடத்தைத் தேடிப்பிடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் அங்கே எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். ஆன்ட்டி. 'ஆன்ட்டி மருந்து', 'ஆன்ட்டி சாப்பாடு', 'ஆன்ட்டி குளிச்சாச்சா'. பாவம், அந்தப் பெண்கள் மரியாதைக்காகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாளே எனக்கு என் பெயர் மறந்துவிடும்போல இருந்தது.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் புஷ்பராணி டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாக்காவிலேயே இங்கிலீஷ் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் படித்துக் கொடுத்தவர், மகள் ஆஸ்திரேலியாவில். அந்தக் காலத்தில் அவர்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் ரொம்பத் தூரம், அவர் அப்பா கிராணியாக இருந்திருப்பார், என் அப்பா பெரட்டில் நின்றிருப்பார். இங்கே ஒரே மேசை. தினமும் ஆறரைக்கு நான் எழுந்துபோய் வாசல் பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'பிள்ளை, நீர் விடிய எழும்பி அங்கை ஆரைத் தேடுறீர்?' என்று கேட்டார். பெரட்டைப் பற்றிச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். 'முப்பத்தஞ்சு வருஷம் வகுப்பிலை நான் பிள்ளையளின்ரை இடாப்புக் கூப்பிட்டனான். என்ரை பேரை ஒருத்தரும் கூப்பிடேல்லை, பாரும்' என்றார். மறுநாள் காலை பசியாறும்போது நான் 'புஷ்பராணி!' என்று கூப்பிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கி, 'பிரசன்ட்!' என்றார். பிறகு அவர் என் பெயரைக் கூப்பிட்டார். தினமும் அது எங்கள் விளையாட்டாகிவிட்டது.

பதினெட்டாம் நாள் காலையில் நான் போய் உட்கார்ந்தால் எதிரே நாற்காலியே இல்லை. ஆள் இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். நாற்காலியும் இல்லை, கோப்பையும் இல்லை, மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டார்கள். டீச்சர் எங்கே என்று பரிமாறுகிற பெண்ணைக் கேட்டேன். 'அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி' என்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்கள் மனசு கலங்கிவிடும் என்று அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, 'புஷ்பராணி!' என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்றாம்முறை கூப்பிட்டபோது ஹாலில் இருபது பேரும் என்னையே பார்க்கிறார்கள். யாருக்குமே அது யார் பெயர் என்று தெரியவில்லை, கதிர். இரண்டு வருஷம் அவரோடு சாப்பிட்டவர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மேனேஜர் உனக்குப் போன் போட்டார். உன் அம்மா செத்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்றிருப்பார். நீ அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஓடிவந்தாய். உன் முகத்தில் அன்று நான் பார்த்தது கோபம் இல்லை, பயம். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாத்தா அந்த முகத்தில் தெரிந்தார். மறுவாரமே ஞாபகசக்தி டாக்டரிடம் கூட்டிப்போனாய். அந்த டாக்டர் படங்களைக் காட்டி இது என்ன மிருகம் என்று கேட்டான். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். கடிகாரம் வரையச் சொன்னான், வரைந்தேன். சுவரில் உங்கள் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுகிறது தம்பி என்றும் சொன்னேன். எல்லாம் நார்மல் என்று எழுதிக்கொடுத்தான். அதற்குப் பிறகும் நீ, 'எதுக்கும் அங்கேயே இருங்கம்மா, எனக்கு நிம்மதி' என்றாய். உன் நிம்மதிக்கு நான் ஏன் பேரில்லாமல் இருக்கவேண்டும்? மறுநாள் காலையில் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மலாக்கா வந்து சேர்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் கிளம்பியது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வந்ததற்குக் கேட்கமாட்டேன்.

இனிமேல் என் கிழட்டு வயதும் சாவும் எப்படி நடக்கவேண்டும் என்று நீ திட்டம் போடவேண்டாம், நான் போட்டுவிட்டேன். நடக்கமுடிகிறவரை இந்த வீடு. மாடிப்படி ஏற முடியாவிட்டால் கட்டில் கீழே வரும், ஹாலில் போட்டுக்கொள்வேன், வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும். குளியலறையில் பிடிகம்பி வை, அது உன் தீவில் நான் கண்ட நல்ல விஷயம், சனிக்கிழமை வரும்போது வாங்கி வா, ஒன்று காக் யாவுக்கும் சேர்த்து. ஆளை எழுப்பி உட்காரவைக்க ஒரு பெண் தேவைப்பட்டால் வைத்துக்கொள்வேன், அதில் எனக்கு வீம்பு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போகிறேன், ஆனால் திரும்பமுடியாது என்று டாக்டர் சொன்னபிறகு குழாயும் மெஷினும் வேண்டாம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, சுப்ரா அண்ணனும் காக் யாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, சாவிகளோடு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. டாக்டர் முன்னால் நின்று நீ தடுமாறினால் அந்தத் தாளை எடுத்து நீட்டு. பச்சைச் சேலை போதும், புதிது வாங்காதே. சாம்பலை மலாக்காக் கடலில் கரை. அதே தண்ணீர்தானே உன் தீவு வரைக்கும் வருகிறது, எனக்கு வேண்டும் என்றால் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். குளியலறையில் கால் வைக்கும் ஒவ்வொரு காலையும் லெட்சுமி அக்கா ஞாபகம் வருகிறது. மாமாவுக்கு வந்தது எனக்கும் வரலாம், அதுவும் தெரியும். வந்தால், நீ சொன்னபடி கேட்கிறேன். எனக்குப் புத்தி பிசகி, யார் என்ன என்று தெரியாமல் போய், இங்கே உள்ளவர்களால் சமாளிக்கமுடியாது என்று ஆகிவிட்டால், என்னைத் தூக்கிக்கொண்டு போ. உன் தீவுக்கே கொண்டு போ, அந்த இல்லத்திலேயே விடு, நான் கோபப்படமாட்டேன், அப்போது எனக்குக் கோபப்படத் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் காலையில் யாராவது என் முன்னால் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். ஆன்ட்டி என்று இல்லை, அம்மா என்றுகூட இல்லை, பெயர். நேரில் வரமுடியாவிட்டால் போனில் கூப்பிடு. மாமாவுக்கு நான் செய்யாததை எனக்கு நீ செய். இதைக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனாலும் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. எனக்குப் பதினேழு வயதில் என் அப்பா இறந்துபோனார். இரண்டு நாள் காய்ச்சல்தான். மாலையில் எடுத்தார்கள். மறுநாள் காலையில், வீட்டில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை, என்னைப் பெரட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவர் வேலையை நான் ஏற்றுக்கொண்டால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்களிடம் இருக்கும். கிராணி வழக்கம்போல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார். என் அப்பா பெயரையும் கூப்பிட்டுவிட்டார். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிராணிக்கும் ஞாபகம் வந்து முகம் கருத்துவிட்டது, ஆனால் கூப்பிட்டாகிவிட்டது, பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போகமுடியாது. நான் 'இருக்கேன்' என்றேன். சொல்லிமுடித்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவரை ஒரு சொட்டு வரவில்லை. அந்தக் காலையில்தான் என் அப்பாவை நான் அனுப்பிவைத்தேன், முதல்நாள் சுடுகாட்டில் இல்லை.

அதனால் நம் தாமான் பெரட்டிலும் அதையே விதியாக வைத்திருக்கிறோம். யாராவது இறந்துபோனால், எடுத்த மறுநாள் காலை அவர் பெயரைக் கடைசியாக ஒருமுறை கூப்பிடுவோம். வீட்டு ஆள் ஒருவர் வந்து பதில் சொல்லவேண்டும். பிறகுதான் கொப்பியில் கோடு போடுவோம். போன தைமாதம் கோவிந்தன் அண்ணனுக்கு ஒருவரும் வரவில்லை, பிள்ளைகள் சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். சுப்ரா அண்ணன் மூன்றுமுறை கூப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடத் தெரியாமல் நின்றார். எங்கே பார்ப்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை. அவர் பெயருக்கு இன்னும் கோடு போடவில்லை.

நீ சனிக்கிழமை வா. வராதே என்று நான் எங்கே சொன்னேன்? வெள்ளிக்கிழமையே வந்துவிடு, ஷாலினியையும் பிள்ளைகளையும் கூட்டி வா, மீன் வாங்கி வைக்கிறேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு என்னோடு படாங் ஓரம் வந்து நில். ஆறரை என்றால் ஆறரை. என் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் பதில் சொல்வேன். எப்படிச் சொல்கிறேன் என்று பக்கத்தில் நின்று கேட்டு வைத்துக்கொள். ஒருநாள் என் பெயருக்கு நீ சொல்லவேண்டியிருக்கும். அன்றைக்கு அழுகை வந்தாலும் சத்தமாகச் சொல்லு. சுப்ரா அண்ணனுக்கு இடது காது கேட்காது.

அம்மா